நான்காவது கால்

லியெபாயாவில் டிராம் வளையும் தெரு,
மூன்றாம் மாடி.
சலவை இயந்திரம் ஆடுகிறது என்று கூப்பிட்டிருந்தார் எவால்ட்ஸ்.
ஆடத்தான் செய்யும்.
நான்காவது காலுக்கு அடியில்
ஒரு புத்தகம் கிடந்தது.

உருவி எடுத்தேன். ஈரத்தில் உப்பி
கறுப்பு ரொட்டித் துண்டுபோல் இருந்தது.
தொண்ணூற்று நான்கு பக்கம்.
விலை முப்பத்தோரு கோப்பெக்.
அந்தக் காசு இன்று இல்லை,
அதை அடித்த நாடும் இல்லை.
எழுதியவர்: ஹெர்தா ஸ்ட்ரௌமே.
"யார் இது?"
"தெரியாது. கீழ்வீட்டு ஸெல்மா கொடுத்தார்.
தடிமன் சரியாக இருந்தது."

ரப்பர் கட்டை ஒன்றைச் செருகிவிட்டுப்
புத்தகத்தைக் கருவிப் பெட்டியில் போட்டுக்கொண்டேன்.
திருட்டில் சேருமா, தெரியவில்லை.
ரப்பருக்குக் காசு வாங்கவில்லை.

நான் கதை படிக்கிறவன் இல்லை.
இயந்திரத்தோடு வரும் கையேடு படிப்பேன்.
அதனால்தான் பிடித்துப்போனதோ என்னவோ,
இந்த அம்மாள் எழுதுவதும் அந்த மாதிரிதான்:
இது இங்கே இருக்கிறது.
இதை இந்தப் பக்கம் திருப்பினால்
உடைந்துவிடும்.

லினோலியம் ஆலைக் கணக்கர் ஒருவர்
இரவல் வாங்கிய ஏணியைத் திருப்பித் தரப் போகிறார்.
ஏணிக்காரர் இறந்து ஒன்பது நாள்.
அவர் மனைவி ஏணியை வாங்கிச் சுவரில் சாய்த்துவிட்டு,
"மூன்றாம் படி ஆடும், சொன்னாரா?" என்கிறாள்.
"சொன்னார்."
கதை அங்கே நின்றுவிட்டது.
தாள் ஏதோ கிழிந்திருக்கும் என்று
முதுகுத் தையலை விரித்துப் பார்த்தேன்.
கிழியவில்லை.

இன்னொன்றில்,
தீர்ப்பு வந்த மறுநாள் கணவனும் மனைவியும்
நிலவறை உருளைக்கிழங்கைப் பங்கு பிரிக்கிறார்கள்.
உனக்கொன்று எனக்கொன்று என்று
மெழுகுவர்த்தி பாதியாகும்வரை.
கடைசியில் ஒன்று மிஞ்சுகிறது.
அதை யார் எடுத்தார்கள் என்று எழுதவே இல்லை.
அதற்காக ஒரு ராத்திரி தூங்கவில்லை நான்.
ஒற்றை உருளைக்கிழங்குக்காக!

கடலை வைத்துப் பிழைக்கும் ஊர் இது.
தொண்ணூற்று நான்கு பக்கத்தில் கடல் வருவது ஓரிடத்தில்,
அதுவும் பெயரில்லாமல்:
"மேற்குக் காற்று. துணி உலரவில்லை."

நூலகத்தில் விசாரித்தேன்.
கணினியில் பெயர் இருந்தது, அலமாரியில் புத்தகம் இல்லை.
"அவர் பெரிதாக ஒன்றும் எழுதவில்லையே" என்றார் அங்கிருந்தவர்.
இல்லைதான்.
பெரிதாக ஒன்றும் எழுதவில்லை.

மனசு கேட்காமல் ஸெல்மாவிடமே கொண்டுபோனேன்.
வாசலில் நின்றபடி, கண்ணாடி போடாமல்,
நேராக நாற்பதாம் பக்கத்தைத் திறந்தார்.
டிராமில் தூங்கிக் கடைசி நிறுத்தம்வரை போய்
இறங்காமல் உட்கார்ந்திருக்கும் சிவப்புக் கோட்டுக்காரி.
"இது என் அக்கா.
கோட்டு சிவப்பு இல்லை, பழுப்பு.
ஹெர்தாவோடு ஆறு வருடம் பேசவில்லை அவள்."
"ஒரு கோட்டுக்காகவா?"
படிக்கட்டில் யாரோ வாளியோடு இறங்கிப்போனார்கள்.
அவர்கள் போகட்டும் என்று இருந்தார்.
"மற்றதெல்லாம் சரியாக இருந்ததே, ஐயா.
அதை எப்படிக் குறை சொல்வது?
கோட்டைத்தான் சொல்ல முடிந்தது."

புத்தகத்தை மூடி என்னிடமே நீட்டினார்.
வீட்டில் வேறு பிரதி இருக்கிறதா என்று
நான் கேட்கவில்லை.
பக்கம் தேடாமல் திறந்த கையைப் பார்த்திருந்தேன்.

இன்று காலை எவால்ட்ஸ் மறுபடி கூப்பிட்டார்.
ரப்பர் போதவில்லையாம்,
பிழியும்போது வீடே நடுங்குகிறதாம்.
"பழையதே தாங்கிக்கொண்டிருந்தது" என்கிறார்.
வாஸ்தவம்.
இன்னொரு ரப்பர் கட்டை எடுத்துக்கொண்டு
கிளம்புகிறேன்.